இரண்டாயிரம் ரூபாய் ஓபிடி ஸ்கேனர்: எட்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

போன மே மாதம் கொடைக்கானலுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். டம்டம் பாறை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி உதற ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் மிதித்தால் இழுவை இல்லை, ஸ்டியரிங்கில் அதிர்வு உள்ளங்கைக்குத் தெரிகிறது, மீட்டரில் அந்த மஞ்சள் எஞ்சின் படம் விட்டு விட்டு மின்னுகிறது. பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். ஓரமாக நிறுத்திப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து ஊத்து வரை போய்ச் சேர்ந்தோம். அதற்குள் விளக்கு மின்னுவதை விட்டுவிட்டு நிலையாக எரியத் தொடங்கியிருந்தது.

மின்னுவதும் நிலையாக எரிவதும் ஒன்றல்ல என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு குறை பதிவாகியிருக்கிறது, வீடு போய்ப் பார்க்கலாம் என்று பொருள். மின்னினால் அந்த நொடியிலேயே எஞ்சின் மோசமாக மிஸ் ஆகிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைக் கெடுக்கிறது, ஆக்சிலேட்டரை உடனே தளர்த்து என்று பொருள். கார் ஓட்டும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், டிரைவிங் ஸ்கூலில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

திண்டுக்கல் திரும்பியதும் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன், பெயர் வேண்டாம். சாயங்காலம் எஸ்டிமேட் வந்தது: 4 ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஆக்சிஜன் சென்சார் ஒன்று, எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். குறை வந்தால் வண்டி பதிந்து வைத்துக்கொள்ளும் எண்ணைத்தான் கோடு (code) என்பார்கள், என்ன கோடு வந்தது என்று கேட்டேன். "சென்சார் பிராப்ளம் சார், மாத்தினா சரியாயிடும்" என்றார்கள். கோடு நம்பர் என்ன என்று மறுபடி கேட்டேன், அதற்குப் பதிலே வரவில்லை. ஸ்கேன் போட்டதற்கு 590 ரூபாய் கட்டினேன், அந்த பில்லில்கூட "ஸ்கேனிங்" என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது, அதில் என்ன தெரிந்தது என்று ஒரு வரி இல்லை. ரத்த டெஸ்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ரிப்போர்ட்டைத் தர மறுத்தால் நாம் சும்மா விடுவோமா? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியில் சொருகி அந்தக் கோடை நம் போனிலேயே படிக்க உதவும் ஓபிடி ஸ்கேனரை வாங்கியது அன்று ராத்திரிதான்.

முதலில் வாங்கியது 399 ரூபாய்க்கு. நீல நிறத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆன்லைனில் தேடினால் முதல் பக்கம் முழுக்க அதுதான். அது வேண்டாம். போனோடு சேர்ந்தது, 1234 என்று பின் நம்பர் கேட்டது, ஆப்பில் அடாப்டர் இணைந்தது என்று பச்சை விளக்குக்கூட வந்தது, ஆனால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவோடு பேசவே இல்லை. பத்துத் தடவை முயன்றால் ஒரு தடவை பேசும், அப்போதும் ஆர்பிஎம் முள் மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறைதான் நகரும். குறை பதிவான கணத்தின் விவரங்களைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதி திறக்கவே இல்லை. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்த ஸ்கேனர்களின் மூளையாக இருந்த இஎல்எம்327 என்ற சிப், கனடாவைச் சேர்ந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்தது. அதன் முதல் பதிப்பில் உள்ளிருக்கும் புரோகிராமை யாரும் நகலெடுக்க முடியாதபடி பூட்டாமல் விட்டுவிட்டார்கள். அதை எடுத்து ஊர் உலகமெல்லாம் நகல் போட்டுவிட்டது. அந்த நிறுவனமே 2022இல் மூடப்பட்டுவிட்டது, இன்று கடைகளில் கிடைக்கும் மலிவான சரக்கு அநேகமாக எல்லாம் நகல்தான். நகல் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை, நண்பன் ஒருவன் வண்டியில் இதே போன்ற 400 ரூபாய் சரக்கு ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் எல்லாக் கட்டளைகளும் அதில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோடு வரவில்லை என்றால் வண்டியில் குறை இல்லையா, ஸ்கேனருக்குப் படிக்கத் தெரியவில்லையா என்ற சந்தேகம் போகவே போகாது. குறை கண்டுபிடிக்க வாங்கிய பொருளையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் அப்புறம் அது எதற்கு?

திருப்பி அனுப்பிவிட்டு 2,150 ரூபாய்க்கு இன்னொன்று வாங்கினேன். இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான். கறுப்பு டப்பா, கட்டைவிரல் நீளம், பக்கவாட்டில் ஒரு சுவிட்ச். போட்டதும் ஐந்து நொடிக்குள் இணைகிறது, எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நடுவில் அறுந்து போகவில்லை. ஆப் என்று பார்த்தால் ஆண்ட்ராய்டில் டார்க் என்ற பழைய ஆப், கார் ஸ்கேனர் என்ற ஆப், இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கார் ஸ்கேனர் எனக்குக் கை பழகிவிட்டது. வண்டியின் கம்பெனியையும் மாடலையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, அது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சொருகும் இடம் ஸ்டியரிங்குக்குக் கீழே, பெடல்களுக்கு மேலே, குனிந்து பார்த்தால் தெரியும். 16 பின் கொண்ட, ஒரு பக்கம் குறுகலான சாக்கெட். சில வண்டிகளில் ஃப்யூஸ் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் இது கட்டாயம், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்து. நம் நாட்டில் இந்த ஓபிடி-2 முறை 2013 ஏப்ரலில் கட்டாயமானது. என் வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், அதனால் பிரச்சினை இல்லை. பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம்.

சாவியை ஆனில் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் கோடு படிக்கச் சொன்னேன். வந்தது ஒரே ஒரு கோடு: பி0302.

இதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், பாதி பயம் போய்விடும். முதலில் வரும் பி என்பது பவர்டிரெய்ன், அதாவது எஞ்சினும் கியர் பாக்ஸும். பிரேக், சஸ்பென்ஷன் பக்கம் என்றால் சி, கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசுவதில் கோளாறு என்றால் யு. அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. அந்த இடத்தில் 1 இருந்தால் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்ட கோடு, ஒரே எண் ஒரு கம்பெனியில் ஒன்றையும் இன்னொன்றில் வேறொன்றையும் குறிக்கும். ஆப்பில் மாடலைச் சரியாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னது இதற்காகத்தான். மூன்றாவதாக வரும் 3, இக்னிஷன் மற்றும் மிஸ்ஃபயர் சம்பந்தப்பட்டது. அதே இடத்தில் 1 அல்லது 2 என்றால் காற்று, பெட்ரோல் விஷயம், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. கடைசி 02 இரண்டாவது சிலிண்டர். ஆக, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அவ்வளவுதான் அந்தக் கோடு சொல்வது. ஆக்சிஜன் சென்சார் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது.

அப்படியானால் அவர்கள் ஏன் ஆக்சிஜன் சென்சாரை எழுதினார்கள் என்று ரொம்ப நேரம் யோசித்தேன், பிறகுதான் பிடிபட்டது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதற்குள் போன காற்று ஆக்சிஜனோடு அப்படியே சைலன்சருக்கு வரும். சென்சார் அதைப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். சென்சார் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறது. சேதி சொன்னவனை மாற்றினால் சேதி மாறிவிடுமா? அந்தச் சென்சார் மட்டும் எஸ்டிமேட்டில் 5,200 ரூபாய்.

இந்த ஸ்கேனர் காசுக்குத் தகுந்தது என்று எனக்கு உறுதியானது ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்த்தபோதுதான். குறை பதிவான அந்தக் கணத்தில் எஞ்சின் எப்படி இருந்தது என்று இசியு எடுத்து வைத்திருக்கும் போட்டோ மாதிரி அது. ஆர்பிஎம் 2,640, வேகம் 46 கிமீ, எஞ்சின் லோடு 83 சதவீதம், கூலன்ட் 94 டிகிரி. அப்படியே அந்த டம்டம் பாறை ஏற்றம்! சூடான எஞ்சின், ஏற்றம், முழு பாரம். சர்வீஸ் சென்டரில் நிறுத்தி வைத்து ஐடிலில் எத்தனை மணி நேரம் கேட்டாலும் இந்தக் குறை வெளியே வராது, ஏனென்றால் அது பாரம் ஏறினால்தான் வருகிறது. நல்ல வேளையாக அவர்கள் கோடை அழித்துவிடவில்லை, அழித்திருந்தால் இந்த போட்டோவும் போயிருக்கும்.

எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், அறுபதை நெருங்குகிறது, கார்புரேட்டர் காலத்து ஆள். நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். போனை அவரிடம் காட்டினேன்.

"ரெண்டாவதுல மிஸ்ஸிங்னு வருது அண்ணே. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரான்னு தெரியல."

"அது எப்படித் தம்பி போன்ல தெரியும்? காயிலை மாத்திப் போட்டுப் பாப்போம். குறை கூடவே போச்சுன்னா காயில்."

காயில் என்பது பிளக்குக்குப் பொறி கிளப்பும் மின்சாரத்தைக் கொடுப்பது, சிலிண்டருக்கு ஒன்று. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு இரண்டாவது சிலிண்டர் காயிலையும் நான்காவது காயிலையும் இடம் மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு 10 எம்எம் போல்ட், ஒரு கிளிப், பத்து நிமிட வேலை. கோடை அழித்தேன், அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். ஐடிலில் ஒன்றும் தெரியவில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேம் ஏற்றத்தைக் காட்டியதால் ஏற்றத்துக்கே போவோம் என்று சிறுமலை ரோட்டுக்கு வண்டியை விட்டோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு திரும்பி மூன்றாவது கியரில் மிதித்ததும் அதே உதறல். உடனே ஓரங்கட்டிப் படித்தேன். இன்னும் உறுதியாகாத குறைகளைக் காட்டும் பெண்டிங் பகுதியில் பி0304. குறை காயிலோடு சேர்ந்து இரண்டிலிருந்து நான்குக்குப் போயிருந்தது.

அண்ணன் அந்தக் காயிலைக் கழற்றி, பிளக் மேல் உட்காரும் ரப்பர் குழாயை வெயிலில் விரித்துக் காட்டினார். உட்புறம் பென்சிலால் கோடு கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புத் தடம் ஒன்று, மேலிருந்து கீழ்வரை. மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் அந்த வழியாக எஞ்சின் உடம்புக்கு ஓடியிருக்கிறது. பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்டுவது கஷ்டமாகும், அப்போது மின்சாரம் சுலபமான வழியைத் தேடிக்கொள்ளும் என்று விளக்கினார். புதுக் காயில் 1,950, வண்டி 82,000 கிமீ ஓடியிருந்ததால் பிளக் நான்கையும் மாற்றியதற்கு 1,100, கூலி 300. மொத்தம் 3,350 ரூபாய். ஸ்கேனர் விலையைச் சேர்த்தாலும் 5,500தான். அந்த 14,600 ரூபாய் எஸ்டிமேட்டில் காயில் என்ற சொல்லே இல்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆற மாட்டேன் என்கிறது, ஏனென்றால் அவ்வளவையும் கட்டியிருந்தாலும் அடுத்த ஏற்றத்தில் வண்டி மறுபடி உதறியிருக்கும்.

ஸ்கேனர் "காயிலை மாற்று" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். எந்த சிலிண்டர், எந்த நிலையில் என்றது. மீதியைக் கண்டுபிடித்தது அண்ணனின் கை. இதை ஏன் திரும்பச் சொல்கிறேன் என்றால், வாங்கிய பலரும் கோடு வந்ததும் கூகுளில் போட்டு, முதலில் வரும் பாகத்தை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். என் தங்கச்சி வண்டியில் நடந்ததைக் கேளுங்கள். பி0113 வந்தது, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று அர்த்தம். ஒரு கடையில் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். லைவ் டேட்டாவைத் திறந்து பார்த்தால் காற்றின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று அசையாமல் நிற்கிறது. திண்டுக்கல்லில், ஜூன் மாதம், மத்தியானம். மைனஸ் 40 என்று வந்தால் பெரும்பாலும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, சர்க்யூட் திறந்து கிடக்கிறது என்று பொருள். பானட்டைத் திறந்து அந்த ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனோம், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் எலி கடித்த இடம் கிடைத்தது. செம்புக் கம்பி பளபளவென்று தெரிகிறது, பக்கத்தில் எலிப் புழுக்கை. பற்றவைத்து டேப் சுற்றியதும் 47 டிகிரி காட்டியது. புதுச் சென்சார் போட்டிருந்தாலும் மைனஸ் 40தான் காட்டியிருக்கும்.

மச்சான் வண்டியில் பி0420. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம், பார்த்ததும் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் கோடு. அவனுக்குச் சொன்ன விலை 38,000. இதில் ஆப்பில் பார்க்க வேண்டியது இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் வோல்டேஜ். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது 0.1க்கும் 0.9க்கும் நடுவில் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும், பின்னால் இருப்பது 0.6, 0.7 பக்கம் அலட்டிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். மச்சான் வண்டியில் பின் சென்சாரும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கன்வெர்ட்டர் செத்திருந்தாலும் அப்படி ஆடும், வழியில் எங்காவது ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் அப்படி ஆடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேட்டபோது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு குழாயின் இணைப்பில் புஸ் புஸ் என்ற சத்தம், அந்த இடத்தில் கரி படிந்திருந்தது. கேஸ்கெட் மாற்றியதோடு சரி, 900 ரூபாய், நான்கு மாதமாகக் கோடு திரும்பவில்லை. எல்லா பி0420க்கும் கேஸ்கெட்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையாகவே கன்வெர்ட்டர் போன வண்டிகளும் நிறைய. 38,000 கொடுப்பதற்கு முன்னால் 900 ரூபாய் காரணத்தைத் தேடிவிட்டுப் போகலாம் என்றுதான் சொல்கிறேன்.

அழிக்கும் பட்டனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை அழுத்தினால் விளக்கு அணையும், குறை அப்படியேதான் இருக்கும். கோடு போகும், ஃப்ரீஸ் ஃப்ரேம் போகும், எஞ்சின் தன்னைத் தானே சோதித்து வைத்திருந்த ரெடினஸ் பதிவுகளும் போகும். மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு முன்னால் தயவுசெய்து அழிக்காதீர்கள், ஆதாரத்தை நாமே கழுவி ஊற்றுவது போல ஆகிவிடும். குறை உண்மையிலேயே சரியாகிவிட்டால் மூன்று நல்ல ஓட்டத்துக்குப் பிறகு விளக்கு தானாக அணைந்துவிடும். இதே விஷயம் பழைய வண்டி வாங்கும்போது நமக்குச் சாதகமாக வரும். விளக்கு எரியவில்லை, கோடு ஒன்றும் இல்லை, ஆனால் ரெடினஸ் பகுதியில் முக்கால்வாசி "முடியவில்லை" என்று காட்டுகிறது என்றால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பேரம் பேசுவதை நிறுத்திவிட்டு, நான்கைந்து நாள் ஓட்டிவிட்டு மறுபடி பார்ப்போம் என்று கேளுங்கள். நண்பனுக்காகப் பார்க்கப் போன ஒரு வண்டியில் இப்படிக் கேட்டதும் விற்றவர் மறுத்துவிட்டார், நாங்களும் வந்துவிட்டோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளை இதனால் என் வண்டியில் படிக்க முடியவில்லை, பொதுவாகவே இந்த விலைச் சரக்குகள் எஞ்சின் பக்கத்தோடு நின்றுவிடும். டீசல் வண்டியில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்ய வைப்பது, புதுச் சாவியைப் பதிவது போன்றவற்றை இதில் எதிர்பார்க்காதீர்கள். ஆப்பில் சில பகுதிகளுக்குத் தனியாகப் பணம் கேட்கிறது, நான் கட்டினேன், வருத்தமில்லை. ஐபோன்காரர்கள் வாங்கும் முன்னால் பிஎல்இ (BLE, புதிய வகை புளூடூத்) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பழைய வகை புளூடூத் ஸ்கேனர் ஐபோனோடு சேராது. வைஃபை வகை சேரும், ஆனால் போன் அதில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் நெட் பெரும்பாலும் வேலை செய்யாது. அப்புறம், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அந்த சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவி எடுத்த பிறகும் பேட்டரி கரன்ட் வந்துகொண்டே இருக்கும். சுவிட்சை ஆஃப் செய்ய மறந்து இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடலாம். ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்காதீர்கள், பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் அவர் பார்க்கட்டும், சிறுமலையில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எந்த ஸ்கேனர் வாங்கினாலும், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். சேஸிஸ் நம்பரைச் சரியாகப் படிக்கிறதா (ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்), ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஆர்பிஎம் தாமதமில்லாமல் ஏறுகிறதா, ஃப்ரீஸ் ஃப்ரேம் பகுதி திறக்கிறதா. 399 ரூபாய்ச் சரக்கு மூன்றிலும் கோட்டை விட்டது, இது மூன்றிலும் தேறியது.

போன மாதம் மெக்கானிக் அண்ணன் தனக்கும் ஒன்று இதே மாதிரி வாங்கித் தரச் சொன்னார். வந்த அன்று அவருடைய பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். வாசலில் நின்ற ஒரு டாக்ஸியில் சொருகி, கோடை வாய்விட்டுப் படித்து, ஒரு அட்டையில் பேனாவால் எழுதி, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பானட்டைத் திறந்தார்.